பொறித்த மீனும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமும்

'தமிழில் நாம் அடிக்கடி செய்யும் பிழைகள்' என்று ஒரு பட்டியல் கைபேசிக்குக் கைபேசி சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். இடப்பக்கம் தவறு, வலப்பக்கம் சரி. சுவற்றில் – சுவரில். முயற்சிக்கிறேன் – முயல்கிறேன். வாழ்த்துக்கள் – வாழ்த்துகள். பதட்டம் – பதற்றம். கோர்த்து – கோத்து. தேனீர் – தேநீர். முன்னூறு – முந்நூறு. அனுப்புனர் – அனுப்புநர். கடைசியில், 'தமிழைக் காப்போம், பகிருங்கள்'.

பட்டியலில் சொல்லியிருப்பது பெரும்பாலும் சரிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை வேறு இடத்தில். இந்தப் பட்டியல்கள் எல்லாப் பிழையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றன. ஒரு பிழை ஏன் வந்தது என்று கேட்பதில்லை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் கேட்பதில்லை. இந்த ரெண்டு கேள்வியையும் கேட்டுப் பார்த்தால், நம்முடைய எரிச்சல் பெரும்பாலும் தப்பான ஆள் மேல் செலவாகிறது என்று தோன்றும். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சுவற்றுக்குள் ஒரு தர்க்கம்

முதலில் 'சுவற்றில்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சுவர் + இல் = சுவரில். ஊர், ஊரில், தேர், தேரில் மாதிரி. இதில் ற்ற் நுழைய வழியே இல்லை. ஆனா பேச்சைக் கேளுங்கள். பேச்சில் சுவர் 'செவுரு' ஆகிவிடுகிறது. கடைசியில் உகரம் ஒட்டியவுடன் அது கெணறு, வயிறு, ஆறு, சோறு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கெணத்துல, வயித்துல, ஆத்துல, சோத்துல என்கிற வரிசையில் 'செவுத்துல'.

இப்போது எழுத உட்காருகிறவரை நினைத்துப் பாருங்கள். வயித்துல என்பதை வயிற்றில் என்று எழுத வேண்டும், காத்து என்பதைக் காற்று என்று எழுத வேண்டும், நேத்து என்பதை நேற்று என்று எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பேச்சில் 'த்த' வந்தால் எழுத்தில் 'ற்ற' போடு. அதே கணக்கை அவர் செவுத்துலவுக்கும் போடுகிறார். சுவற்றில் பிறந்துவிடுகிறது. இதை அலட்சியம் என்று சொல்ல முடியுமா? விதியை நன்றாகப் படித்தவர், அதை ஓரடி கூடுதலாக நீட்டிவிட்டார். அவ்வளவுதான்.

தமிழ்ப் பிழைகளில் ஒரு பெரிய பகுதி இந்த ரகம். காரணம் எளிது. எழுத்துத் தமிழ் நம்மில் யாருக்கும் வீட்டு மொழி அல்ல. மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்பார்கள். வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று. எழுதும்போது ஒவ்வொருவரும் தன் பேச்சைத் தானே மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்ப்பில் சறுக்கல் வரத்தான் செய்யும்.

எழுத்துக் குழப்பங்களும் அப்படியே. ர, ற இரண்டும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் ஒரே ஒலியாகிவிட்டன. கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் வேறுபாடு கேட்கும். ழ பல ஊர்களில் ள ஆகிறது, சில ஊர்களில் ய ஆகிறது. வாளப்பளம் என்பவரும் உண்டு, வாயப்பயம் என்பவரும் உண்டு. ந, ன இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடே கிடையாது. இடத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்பும் ந. மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. இந்தக் கணக்கை ஒழுங்காகப் பிடித்துக்கொண்ட பையன்தான் 'அனுப்புனர்' என்று எழுதுவான். ஏனென்றால் அனுப்புநர், பெறுநர் இரண்டிலும் 'நர்' என்ற விகுதி நடுவில் வந்து அவன் கணக்கைக் கெடுக்கிறது. காதில் கேட்காத ஒன்றைக் கண்ணால் மனப்பாடம் பண்ணித்தான் எழுத வேண்டும். நிறையப் படித்தவருக்கு அது வரும். படிக்க வசதியில்லாதவருக்கு வராது. பிழை காட்டுவது சோம்பேறித்தனத்தை அல்ல, ஒருவருக்குக் கிடைத்த படிப்பின் அளவை. ஆகவே பிழையைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று பெட்டிகள்

பட்டியல்காரர்களிடம் ரெண்டே பெட்டி: சரி, தவறு. ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் யாரைச் சாட்சிக்கு அழைக்கிறார்களோ அந்த மரபிலக்கணத்தில் மூன்று பெட்டி இருக்கிறது. வழாநிலை, வழு, வழுவமைதி. மூன்றாவது என்ன? விதிப்படி பார்த்தால் குற்றம்தான். ஆனால் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'நாளைக்கு வர்றேன்' என்கிறோமே, நாளைக்கு எப்படி நிகழ்காலம் வரும்? காலவழு. ஆனால் உறுதியைக் காட்டுவதற்காகச் சொல்வதால் வழுவமைதி. பசுமாட்டை 'என் அம்மா வந்துட்டா' என்று கொஞ்சுவது திணைவழு. அன்பினால் சொன்னதால் அதுவும் அமைதி. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட நன்னூல், இன்னும் ஒருபடி மேலே போய், பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமில்லை என்று தன் கடைசி நூற்பாவிலேயே சொல்லி முடிக்கிறது. இலக்கணம் எழுதிய முனிவருக்கு இருந்த பெருந்தன்மை பட்டியல் அனுப்புகிற நண்பருக்கு இல்லை.

அந்த நண்பரிடம் ஒரு சின்னச் சோதனை. பட்டியலை அனுப்பிவிட்டு அவர் எழுதுவார்: 'இப்படி எழுதுவது சரியல்ல.' பழைய விதிப்படி அதுவே வழு. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்கு மட்டும். ஆக 'சரியன்று' என்றுதான் எழுத வேண்டும். இன்றைக்கு யார் எழுதுகிறார்கள்? நானும் இந்தக் கட்டுரை முழுக்க 'அல்ல' என்றே எழுதுகிறேன், தெரிந்தே எழுதுகிறேன். ஐந்து வடிவங்கள் செய்த வேலையை ஒன்றே செய்கிறது. படிப்பவர் யாரும் தடுமாறுவதில்லை. ஒரு தலைமுறையின் வழு அடுத்த தலைமுறையின் அமைதி ஆகிவிட்டது. 'அல்ல'வுக்குக் கிடைத்த மன்னிப்பு 'முயற்சிக்கிறேன்' என்பதற்கு ஏன் கிடைக்கவில்லை?

எழுத்துருவங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை எழுத்துகளுக்கு மேலே துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றும் வேறு வடிவத்தில் இருந்தன. பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் புது வடிவங்களைப் போட ஆரம்பித்துவிட்டார். அன்று வகுப்பில் அப்படி எழுதிய மாணவனுக்கு வாத்தியார் சிவப்பு மையால் அடித்திருப்பார். இன்று பழைய வடிவத்தை எழுதினால் பிள்ளைகளுக்குப் புரியாது.

இன்னொன்று, திருத்துபவர்கள் சொல்கிற காரணங்கள். முடிவு சரியாக இருந்தாலும் காரணம் சில நேரம் தமாஷாக இருக்கும். 'வாழ்த்துக்கள் என்று எழுதினால் வாழ்த்துகிற கள் என்று பொருள் வரும்' என்பது பிரபலமான வாதம். அப்படின்னா பூக்கள்? ஈக்கள்? பசுக்கள்? எல்லாம் கள்ளுக்கடைச் சரக்கா? உண்மையான விஷயம் வேறு. பூ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொல்லிலும், பசு, தெரு போல முற்றியலுகரத்தில் முடியும் சொல்லிலும் 'கள்' சேரும்போது க் மிகும். வீடு, பந்து போன்றவற்றில் மிகாது. வாழ்த்து, எழுத்து, பாட்டு போல வல்லினம் இரட்டித்து முடியும் சொற்களில்தான் தகராறு. அங்கே 'கள்' தனிச்சொல் அல்ல, விகுதிதான், எனவே மிக வேண்டாம் என்பது ஒரு கட்சி. வழக்கில் மிகுத்தே சொல்கிறோம், எழுதுகிறோம் என்பது இன்னொரு கட்சி. நான் மிகாமல் எழுதுகிறேன். மிகுத்து எழுதுகிறவரோடு அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். ஒரே கட்டுரையில் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இதே மாதிரி இன்னொன்று: 'நிறம் என்றால் கருப்பு, கோபம் என்றால்தான் கறுப்பு.' கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய உரியியல், கறுப்பும் சிவப்பும் கோபத்தைக் குறிக்கும் என்று சொன்ன கையோடு, அவை நிறத்தையும் குறிக்கும் என்று சேர்த்தே சொல்கிறது. ரெண்டில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு அடுத்தவரைத் திருத்தக் கிளம்பினால் இப்படித்தான் ஆகும். கருமை, கரிய, கருங்கல் எல்லாம் சின்ன ர-வில் இருப்பதால் மக்கள் கருப்பு என்று எழுதுகிறார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒற்றுக்குக் காதைக் கேளுங்கள்

இதுவரை படித்தவர்கள், 'அப்போ எதையும் திருத்த வேண்டாமா?' என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. திருத்த வேண்டியவை உண்டு. ஒற்றுப்பிழை அதில் முக்கியமானது. ஏனென்றால் அங்கே பொருள் மாறும் இடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. 'வேலை கொடு' என்றால் சம்பளத்துக்கு உத்தியோகம் கேட்கிறார். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கிற ஆயுதத்தைக் கேட்கிறார். 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. 'நடுகல்' வீரனுக்கு நட்ட கல். 'நடுக்கல்' மூன்று கல்லில் நடுவில் இருப்பது.

ஆனால் ஒற்றைச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் மக்களை விரட்டுகிறது. வலி மிகும் இடங்கள் இத்தனை, மிகா இடங்கள் இத்தனை, வேற்றுமைத்தொகை, உம்மைத்தொகை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று ஆரம்பித்தால் மூன்றாவது பக்கத்தில் ஆள் ஓடிவிடுவான். ல, ள, ழ போல அல்ல ஒற்று. அது காதில் கேட்கிறது. ஏரிக்கரை என்று சொல்லும்போது க அழுத்தமாக விழுகிறது. ஒற்றை எடுத்துவிட்டு 'ஏரிகரை' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், க குழைந்துவிடும். நம் வாய்க்கே பிடிக்காது. ஊறுகாய் என்பதை யாரும் 'ஊறுக்காய்' என்பதில்லை. வினைத்தொகை என்ற சொல்லைக் கேட்டிராத பாட்டிக்கும் அங்கே மிகாது என்று தெரியும். திருச்சியில் பெரியகடை வீதியும் இருக்கிறது, சின்னக்கடை வீதியும் இருக்கிறது. 'பெரிய'வுக்குப் பின் மிகவில்லை, 'சின்ன'வுக்குப் பின் மிகுந்திருக்கிறது. இலக்கண வகுப்பு எடுத்தா அந்தத் தெருக்களுக்குப் பேர் வைத்தார்கள்?

காது எல்லா இடத்திலும் கைகொடுக்காது, உண்மைதான். ரெண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு விடும் இடங்களில் குழப்பம் வரும். அதற்கு ரெண்டே விதி போதும்: 'ஐ'க்குப் பின்னும் 'கு'வுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் மிகும். வீட்டைக் கட்டினான், ஊருக்குப் போனான். இந்த ரெண்டு விதி, கூடவே வாய்விட்டுப் படிக்கும் பழக்கம். இவ்வளவு இருந்தால் அன்றாட எழுத்தில் ஒற்றுப்பிழை பெருமளவு ஓய்ந்துவிடும். மீதிக்கு வாணி, நாவி மாதிரி இணையத்தில் கிடைக்கும் திருத்திகள் இருக்கின்றன.

இடைவெளிப் பிழையையும் இதோடு சேர்க்க வேண்டும். பட்டியல்களில் இது வருவதே இல்லை. 'கைவிட்டான்' என்றால் துறந்துவிட்டான். 'பைக்குள் கை விட்டான்' என்றால் எதையோ தேடுகிறான். 'செய்யப்படும்' என்பதை 'செய்ய படும்' என்று உடைத்துப்போடும் அறிவிப்புகள் எத்தனை! கண் ஒருமுறை இடறி, திரும்பி வந்து படிக்க வேண்டியிருக்கிறது.

பிழையே இல்லாத பிழை

இப்போது நஷ்டக் கணக்குக்கு வருவோம். சாலையோரக் கடையில் 'பொறித்த மீன்' என்று எழுதியிருக்கிறது. பொறித்தல் என்றால் கல்லில் செதுக்குவது. பொரித்தல்தான் எண்ணெயில் போடுவது. பக்கத்தில் 'மீன் குளம்பு' வேறு. குளம்பு மாட்டுக்கு உண்டு, மீனுக்கு ஏது? படம் எடுத்துப் போட்டால் நூறு சிரிப்புக் குறி விழும். ஆனால் அந்தக் கடைக்குள் போனவர் எவரும் கல்வெட்டைத் தின்றுவிட்டு வரவில்லை. கேட்டது கிடைத்தது. நஷ்டம் பூஜ்யம்.

இன்னொரு வாக்கியம். இது நானாக எழுதிய மாதிரிதான். ஆனால் இந்த வகையை எல்லோரும் படிவங்களில் பார்த்திருப்பீர்கள்:

'விண்ணப்பதாரர் பெற்றோர் கையொப்பமிட்ட சான்றிதழை இணைக்க தவறும்பட்சத்தில் நிராகரிக்கப்படும்.'

நம் பட்டியல் நண்பரிடம் கொடுங்கள். 'இணைக்கத் தவறும்பட்சத்தில்' என்று ஒரு த் போடுவார். சிவப்பு மையை மூடுவார். அவரைப் பொறுத்தவரை வாக்கியம் இப்போது சுத்தம். ஆனால் படிப்பவருக்கு? கையெழுத்துப் போட வேண்டியது பெற்றோர் மட்டுமா, விண்ணப்பதாரரும் சேர்ந்தா? பெற்றோர் என்றால் ஒருவர் போதுமா, இருவருமா? நிராகரிக்கப்படுவது சான்றிதழா, விண்ணப்பமா? யார் நிராகரிப்பார்? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு வருஷம் போகும். அவளுக்குப் புரியவில்லை என்றால் தன் தமிழ்தான் மட்டம் என்று நினைத்துக்கொள்வாள். வாக்கியம் மட்டம் என்று அவளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்படி எழுதியிருக்கலாம்: 'சான்றிதழில் உங்கள் அப்பா அல்லது அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இணைக்காவிட்டால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க மாட்டோம்.' ஒரு வாக்கியம் மூன்றானது. யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது. செய்யப்படும், மேற்கொள்ளப்படும், கருதப்படும் என்று எல்லாவற்றையும் 'படும்' போட்டு முடித்தால், செய்கிற ஆள் மறைந்துவிடுகிறார். ஆள் மறைந்தால் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. இந்த 'படும்' இலக்கணப்படி சரிதான். அதனால்தான் எந்தப் பட்டியலிலும் அகப்படுவதில்லை.

எழுத்துப் பிழையிலும் நஷ்டம் உண்டாகும் இடம் ஒன்று உண்டு: பெயர். குடும்ப அட்டையில் ஒரு ள, பள்ளிச் சான்றிதழில் ஒரு ல, பட்டாவில் வேறொன்று. கடைப் பலகையில் சிரிப்பாக இருந்த அதே பிழை, இங்கே வேலை நாளை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலுவலகம் அலைய வைக்கிறது. பெயர்த் திருத்தம் என்று தனி விண்ணப்பமே இருக்கிறது என்றால் எத்தனை பேர் அலைகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிழையைப் பெரும்பாலும் செய்தவர் அலைபவர் அல்ல, பதிவு செய்தவர். படம் எடுத்துச் சிரிக்கப்படுவது மட்டும் மீன் கடைக்காரர்.

யாரைத் திருத்துவது, எப்படி

அ.கி. பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' போன்ற பழைய வழிகாட்டிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றின் தலைப்பே ஒரு பண்பைச் சொல்கிறது. வேண்டுமா என்று கேட்கிறது. வா, சொல்லித் தருகிறேன் என்கிறது. 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. மக்கள் இன்று எப்படி எழுதுகிறார்கள் என்று திரட்டிப் பார்த்து அதைப் பதிவுசெய்தது. ஒன்று கற்றுக்கொடுத்தது, மற்றொன்று கவனித்தது. இன்றைய பட்டியல்கள் இரண்டும் செய்வதில்லை. ரெண்டு பத்தியில் தவறு, சரி என்று போட்டு, எரிச்சலை மட்டும் பகிர்கின்றன.

எரிச்சல் வருவது இயல்பு. நல்ல தமிழ் படித்துப் பழகிய கண்ணுக்கு 'ஆழ்ந்த இறங்கல்' என்ற சுவரொட்டி உறுத்தத்தான் செய்யும். இரங்கல் வேறு, இறங்கல் வேறு. ஆனால் துக்க வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லிக்காட்டுவது இலக்கணமும் அல்ல, மரியாதையும் அல்ல. அச்சுக்குப் போகும் முன் அச்சகத்துத் தம்பியிடம், 'தம்பி, சின்ன ர போடுங்க' என்றால் முடிந்தது. அவர் அடுத்த சுவரொட்டியிலும் சரியாகப் போடுவார்.

திருத்துவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முதலில், படிப்பவரைத் தடுமாற வைத்து நஷ்டப்படுத்துவது: அறிவிப்பு, படிவம், மருந்துச் சீட்டு, ஆவணத்தில் பெயர். இங்கே எழுதியவர் சம்பளம் வாங்குகிறவர். தாராளமாகக் கோபப்படலாம், மனுப் போடலாம். அடுத்து, பாடநூலும் நாளிதழும் தொலைக்காட்சிச் செய்தியும். அங்கிருந்துதான் மற்றவர்கள் கற்கிறார்கள். மூன்றாவது, பொருள் மாறாத எழுத்துப் பிழைகள்: தெரிந்தவராக இருந்தால் தனியாகச் சொல்லலாம். கடைசியில், அறிஞர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லாத வாழ்த்துக்கள், நாட்கள், கருப்பு வகையறா. அவற்றை விட்டுவிடலாம்.

இப்போது நடப்பது இந்த வரிசைக்கு நேர் தலைகீழ். கடைசிப் பெட்டியில்தான் அதிகச் சத்தம். அதன் விலையை மொழி கொடுக்கிறது. ரெண்டு முறை கேலிக்கு ஆளானவர் மூன்றாம் முறை தமிழில் எழுதத் தயங்குவார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சிட்டால் ல, ள, ழ என்ற வம்பே இல்லை, யாரும் கேலி செய்யவும் போவதில்லை என்று அவருக்குத் தோன்றினால் அதில் என்ன தப்பு? ழகரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, எழுதுகிறவரை இழப்பது என்ன கணக்கு?

பிழையோடு எழுதுகிறவர் நாளைக்குத் திருந்தி எழுதுவார். எழுதுவதையே நிறுத்தியவரிடம் திருத்த என்ன இருக்கிறது?